சுவரோரம் வளர்த்த ஆமைத் தீனி

பக்கத்து வீட்டு அக்காவோடு நான் பேசுவதில்லை. பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வரிசை வீடுகளின் பின்பக்கங்களுக்கு நடுவே அப்போது இருந்தது நெஞ்சளவு உயரச் சுவர் ஒன்றுதான். அவர் மிளகாய் வறுத்தால் எனக்கு இருமல் வரும். நான் குளியலறையில் வாளியை நகர்த்தினால் அவருக்குக் கேட்கும். இத்தனை நெருக்கத்தில் இருந்துகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நாளைக் கழிப்பதற்குப் பயிற்சி வேண்டும். எங்கள் இருவருக்கும் அது கைவந்துவிட்டது. ஏன் பேசுவதில்லை என்று கோயிலில் யாராவது கேட்டால், ஆமையால் என்று சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் சிரிப்பார்கள். சிலர் சிரித்தும் இருக்கிறார்கள். அவர்களோடும் எனக்குப் பேச்சு குறைந்துவிட்டது.

என்னிடம் இரண்டு ஆமைகள் இருந்தன. காதோரம் சிவப்புக் கோடு போட்ட சாதாரண ஆமைகள். கல்யாணமான புதிதில் பசார் மாலாம் இரவுச் சந்தையில் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து விற்றுக்கொண்டிருந்தவனிடம் நானும் வீட்டுக்காரரும் வாங்கினோம். இதற்கு மேல் வளராது என்று அவன் அடித்துச் சொன்னான். இரண்டும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்தன. பெண் ஆமை பெரியது, முரட்டுத்தனமானது. ஆண் சிறியது, முன்னங்கால் நகங்கள் மட்டும் நீளமாக இருக்கும். வீட்டுக்காரர் பின்பக்கத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டி, வெயில் காய நடுவில் செங்கல் மேடை போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவருக்கும் ஆமைக்கும் சம்பந்தம் இல்லை. அவருக்கு சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் காஸ்வே பாலத்து நெரிசலுக்குள் போய்விடுவார். திரும்பும்போது சாப்பிட்டுத் தூங்கத்தான் தெம்பு இருக்கும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆமைகளுக்குத் தீனி போடுவதும் தண்ணீர் மாற்றுவதும் என் வேலையாயிற்று.

பல வருடங்களாக நான் போட்டது டப்பாவில் வரும் உருண்டைத் தீனியும் காய்ந்த இறாலும்தான். ஒருநாள் பெண் ஆமை கண்ணைத் திறக்கவில்லை. இமைகள் இரண்டும் அவரைக் கொட்டை மாதிரி வீங்கியிருந்தன. பேசினில் வைத்து, காரில் ஏற்றி, மிருக மருத்துவரிடம் கொண்டுபோனேன். மருத்துவர் சீன இளம்பெண். என்ன சாப்பாடு கொடுக்கிறேன் என்று மலாயில் கேட்டார். சொன்னேன். நாள் தவறாமல் பொரித்த கோழியை மட்டும் தின்றால் உங்கள் கண்ணும் வீங்கும் என்றார். சிரிக்கவில்லை. எனக்கு முகம் சூடாகிவிட்டது. வளர்ந்த ஆமைக்கு இறைச்சி வகை வாரத்தில் ஓரிரு நாள் போதும், மற்றபடி வயிற்றை நிரப்ப வேண்டியது பச்சை இலை, அதிலும் தண்ணீரில் உயிரோடு வளரும் செடியாக இருந்தால் அதுவே மேய்ந்துகொள்ளும் என்று சொல்லி ஊசி போட்டார்.

எந்தச் செடி என்று கேட்டேன். அங்கேதான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது. தண்ணீரில் வளர்வதெல்லாம் தீனி ஆகாதாம். பொட்டுப் பொட்டாக மிதக்கும் டக்வீட் நல்லது. அசோலா நல்லது. கங்கோங் கீரை நல்லது. ஆகாயத்தாமரை இலையும் கொஞ்சம் கொடுக்கலாம். ஆனால் லோங்காங் சாக்கடையிலோ குளத்திலோ பிடுங்கியதைக் கொடுக்கக் கூடாது. அதில் யார் எதை ஊற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. கடையில் வாங்கியதையும் அப்படியே போடக் கூடாது. நத்தை வராமலிருக்க மருந்தில் முக்கியெடுத்த செடியாக இருக்கலாம். கெலாடி என்கிற சேம்பு, மணி பிளாண்ட் இரண்டும் வாயையும் தொண்டையையும் அரித்து வீங்க வைக்கும், கிட்டவே கொண்டுவராதீர்கள் என்றார். எல்லாவற்றையும்விட நீங்களே வளர்த்துக்கொள்வது உத்தமம் என்று முடித்தார்.

அந்த வார ஓய்வு நாளில் மீன் கடைக்குப் போனேன். கண்ணாடித் தொட்டிகளில் பச்சைப் பசேலென்று விதவிதமான செடிகள். கடைக்காரனிடம் ஆமை சாப்பிட எது ஆகும் என்று கேட்டேன். எல்லாம் சாப்பிடும் என்றான். மருந்தில் முக்கியிருக்கிறீர்களா என்று கேட்டதும் அவன் முகம் மாறியது. மொத்த வியாபாரி கொண்டுவந்து போடுகிறான், அவன் என்ன செய்கிறான் என்று எனக்கெப்படித் தெரியும் என்றான். நான் ஒரு செடிக் கட்டைத் தூக்கிப் பார்த்தேன். செடி மிதக்காமல் நிற்க அடியில் சாம்பல் நிறத் தகட்டைச் சுற்றியிருந்தார்கள். நகத்தால் கீறினால் பள்ளம் விழுந்தது. ஈயம். இதை ஆமை கடித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அக்கா, வாங்குறதா இருந்தா வாங்குங்க, இல்லன்னா வெச்சிட்டுப் போங்க லா என்று தமிழிலேயே சொன்னான். அத்தனை நேரம் மலாயில் பேசியவன், விரட்டுவதற்கு மட்டும் தமிழை எடுத்தான். டக்வீட் ஒரு பொட்டலமும் அசோலா ஒரு பொட்டலமும் வாங்கிக்கொண்டு, இனி இந்தப் படி மிதிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

பாசிர் கூடாங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பண்டார் தெங்காராவிலிருந்து வரும் ஒருவர் இருக்கிறார். ஆமைக்குச் செடி தேடுகிறேன் என்று காதில் விழுந்ததும், எங்க பக்கம் செம்பனைத் தோட்டத்து வாய்க்காலெல்லாம் ஆகாயத்தாமரைதான், ஒரு கோணி அள்ளிட்டு வரவா என்றார். செம்பனைக்குக் களைக்கொல்லி அடிப்பார்களே, அது மழையில் வாய்க்காலுக்குத்தானே வரும் என்றேன். அவருக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டுவிட்டது. அன்று மத்தியானம் கேண்டீனில் என் காதுபட, சிலர் வீட்டில் ஆமை ஆர்கானிக் கீரைதான் தின்னுமாம் என்று சொல்லிச் சிரித்தார். மேசையே சிரித்தது. நான் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டேன்.

வாங்கி வந்த செடிகளைப் பலமுறை அலசி, தனி வாளியில் நல்ல தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி வைத்திருந்தேன். பழைய இலையெல்லாம் அழுகிப் போய், புதிதாகத் தழைத்தது மட்டும் மிஞ்சியபோதுதான் அதை விதையாக எடுத்தேன். பெரிய கறுப்புத் தொட்டிகள் வாங்கி, காலை வெயில் விழும் இடமாகப் பார்த்து, சுவரோரம் வரிசையாக வைத்தேன். ஒன்றில் டக்வீட், ஒன்றில் அசோலா, ஒன்றில் கங்கோங். கொசு முட்டை வைக்கும் என்பது எனக்கும் தெரியும். அதனால் ஒவ்வொரு தொட்டியிலும் கப்பி மீன்களை விட்டேன். கப்பி இருக்கும் தண்ணீரில் கொசுப்புழு மிஞ்சாது.

அசோலா மூன்று வாரத்தில் தொட்டியை மூடிக்கொண்டது. முதல் கைப்பிடியை ஆமைத் தொட்டியில் போட்ட காலை நன்றாக நினைவிருக்கிறது. பெண் ஆமை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கு இறால் வேண்டும். ஆண் ஆமை கழுத்தை நீட்டி, ஒரு கடி கடித்து, யோசித்து, பிறகு வாயைத் திறந்தபடியே பச்சைக்குள் நீந்தியது. அன்றிலிருந்து என் காலடிச் சத்தம் கேட்டாலே அது மேடையிலிருந்து தண்ணீரில் குதிக்கும். பெண் ஆமை பட்டினி கிடந்து பார்த்து, கடைசியில் வழிக்கு வந்தது. கண் வீக்கம் முழுவதும் வடிந்துவிட்டது.

அக்காவோடு உரசல் தொடங்கியது இந்தச் சமயத்தில்தான். அவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். வீட்டு முன்னால் ரோஜா, பின்னால் கறிவேப்பிலை, சுவர் முழுக்க மணி பிளாண்ட் என்று செடி வளர்ப்பதில் அவருக்குப் பெருமை உண்டு. நான் தொட்டி வைத்ததைப் பார்த்து, ஒரு நாள் மணி பிளாண்டுக் கொடிகளை வெட்டிக் கட்டி, சுவர் மேலாக நீட்டினார். ஆமைத் தொட்டிக்குள் விட்டால் வேர் பிடித்து அழகாகப் படரும் என்றார். நான் வாங்கவில்லை. அது ஆமைக்கு ஆகாது, கடித்தால் வாய் வீங்கும் என்று மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். நல்லவிதமாகத்தான் சொன்னேன். அவர் கொடிகளைத் திரும்ப இழுத்துக்கொண்டார். என் கையால கொடுத்தா விஷமா என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். மறுநாள் அவர் வீட்டுக் கதவருகே யாரிடமோ, பிள்ள குட்டி இல்லாதவளுக்கு ஆமதான் பிள்ள என்று சொன்னது எனக்குக் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வீட்டிலிருந்து வந்த எதையும் நான் கையால் தொடவில்லை.

மழைக்காலத்தில் எங்கள் தெருவில் டிங்கிக் காய்ச்சல் வந்தது. முதலில் கோடி வீட்டில் ஒருவர், அப்புறம் எதிர் வரிசையில், பிறகு அக்காவின் கணவர். அந்த அண்ணன் நல்ல மனிதர். லாரி ஓட்டுபவர்; தெருவில் பார்த்தால் கை தூக்குவார், அவ்வளவுதான் பேச்சு. காய்ச்சல் விடாமல் அடித்து, பிளேட்லெட் இறங்கி, பல் ஈறில் இரத்தம் கசிந்து, மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கோபம் இருந்தாலும் மனசு கேட்கவில்லை. என் வீட்டில் பப்பாளி மரம் உண்டு. டிங்கிக்குப் பப்பாளி இலைச்சாறு கொடுப்பார்கள் என்பதால் இளம் இலைகளாகப் பறித்துக் கழுவி, பையில் போட்டு, அக்காவின் கேட்டில் மாட்டிவிட்டு வந்தேன். அந்தப் பை மாலையில் அவர் வீட்டுக் குப்பைத் தொட்டியின் மேலே கிடந்தது. மூடியைத் திறந்து உள்ளே போடக்கூட இல்லை. மேலே வைத்திருந்தார், நான் பார்ப்பதற்காக.

மறுநாள் அவர் என் வீட்டுக் கேட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. கொசு என் தொட்டியிலிருந்துதான் வருகிறது, எல்லாவற்றையும் கவிழ்த்துவிடு என்றார். பின்பக்கம் வந்து பாருங்கள், மீன் விட்டிருக்கிறேன், ஒரு புழு காட்டுங்கள், நானே கவிழ்க்கிறேன் என்றேன். பார்க்கத் தேவையில்லை என்றார். தண்ணீர் நின்றால் கொசு வரும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்றார். அவர் கண்ணுக்கடியில் கறுத்திருந்தது. தூங்கி எத்தனை நாள் ஆனதோ. அதைப் பார்த்துக் கொஞ்சம் இளகியிருப்பேன். ஆனால் போகும்போது, புருஷன் நல்லா இருக்கிறவளுக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார். இளகவில்லை.

அவர் புகார் கொடுத்திருக்க வேண்டும். சுகாதார ஆட்கள் இரண்டு பேர் கைவிளக்கோடு வந்தார்கள். என் தொட்டிகள் ஒவ்வொன்றிலும் குழாய் விட்டு உறிஞ்சிப் பார்த்தார்கள். ஆமைத் தொட்டியையும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. மீன் விட்டது நல்லது என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். வெகு நாளாகப் பூட்டிக் கிடந்த மறு கோடி வீட்டுக் கூரைத் தகரக் கால்வாயில் புழு கொத்துக் கொத்தாக இருந்ததாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். அக்கா தன் கேட்டைப் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் போன பிறகு, விளக்கடிச்சுப் பாத்தா எல்லாம் தெரிஞ்சிடுமாக்கும் என்று காற்றைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்த நாள் சாயங்காலம் தெருவில் கொசு மருந்துப் புகை அடிக்க வருவதாக அறிவிப்பு வந்தது. நான் வேலையிலிருந்து ஓடி வந்து, தொட்டிகள் மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, ஓரங்களில் செங்கல் வைத்து இறுக்கினேன். ஆமைகளைக் குளியலறைக்குள் தூக்கிப் போட்டேன். வெள்ளைப் புகை தெருவையே விழுங்கியது. அது அடங்கிய பிறகு விரிப்புகளை எடுத்து, வெளிப்பக்கத்தைத் தெருக் குழாயில் கழுவி உலர்த்திவிட்டு, ஆமைகளைத் திரும்ப விட்டேன்.

மறுநாள் எனக்குக் காலை ஷிஃப்ட். கம்பெனி பஸ் வருமுன் வழக்கம்போல அசோலா ஒரு கை அள்ளி, குழாயடியில் அலசி, ஆமைத் தொட்டியில் போட்டேன். வெளிச்சம் சரியாக வரவில்லை. காற்றில் மருந்து வாடை இருந்தது. தெரு முழுக்கவே அந்த வாடைதான். முந்தின நாள் புகை இன்னும் போகவில்லை என்று நினைத்தேன். ஆண் ஆமை குதித்து வந்தது. பெண் ஆமை மேடையிலேயே படுத்திருந்தது. நான் கிளம்பிவிட்டேன்.

மத்தியானம் திரும்பி வந்தபோது கப்பிகள் எல்லாம் செத்து, வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. மூன்று தொட்டியிலும். தண்ணீர் மேல் வானவில் நிறத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம். குனிந்து முகர்ந்தேன். புகையின் வாடை இல்லை அது. சுவருக்கு அந்தப் பக்கம் ரோஜாவுக்கு மருந்து அடிக்கும் நாட்களில் என் சமையலறை வரைக்கும் வருமே, அந்த வாடை. திரும்பி ஆமைத் தொட்டியைப் பார்த்தேன். ஆண் ஆமை ஒரு பக்கம் சரிந்து மிதந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் எச்சில் நுரை. பெண் ஆமை மேடை மேல் கழுத்தைத் தொங்கப் போட்டிருந்தது. போட்டிருந்த பச்சையில் பாதிக்கு மேல் காணவில்லை.

இரண்டையும் குழாயடியில் வைத்து நன்றாகக் கழுவினேன். பேசினில் ஈரத்துணி போட்டு அவற்றை வைத்துவிட்டு, கார்ச் சாவியை எடுக்கப் போனவள் சுவரோரம் நின்றேன். அக்கா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, என் தொட்டில என்ன ஊத்துனீங்க?"

மறுப்பார் என்றுதான் நினைத்தேன். மறுத்திருந்தால் இந்தக் கோபம் இத்தனை காலம் நின்றிருக்காதோ என்னவோ. அவர் கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டு, கிளிப்பையும் மாட்டிவிட்டுத்தான் திரும்பினார்.

"பூச்சி மருந்து. ரோசாச் செடிக்கு அடிக்கிறது."

"மீன் விட்டிருக்கேன்னு சொன்னேன்ல. ஆபீசருங்க வந்து பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னாங்கல்ல."

"அவங்க வீட்ல யாரும் படுக்கல. என் வீட்டுக்காரருக்கு வாயில ரத்தம் வருது, நீ ஆமைக்குக் கீரை அலசிக்கிட்டு இருந்த. சொன்னா கேக்கல, அதான் ஊத்துனேன். நாளைக்குத் தொட்டி இருந்தா நாளைக்கும் ஊத்துவேன்."

சத்தம் போடாமல் சொன்னார். மார்க்கெட்டில் மீன் விலை சொல்வது மாதிரி. என் கையில் கார்ச் சாவி இருந்தது. அதை இறுக்கியதில் உள்ளங்கையில் தடம் பதிந்துவிட்டது. என்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. எழுதக் கூடாத வார்த்தைகள். அவற்றில் ஒன்றைக்கூட நான் இன்றுவரை திரும்பப் பெறவில்லை.

மிருக மருத்துவமனையில் அதே பெண் மருத்துவர்தான். இந்த முறை அவர் கடிந்து பேசவில்லை. எந்த மருந்து என்று தெரிந்தால் நல்லது என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ரோஜாச் செடிக்கு அடிப்பது என்பது மட்டுமே. திரும்பப் போய் டப்பாவைக் கேட்கட்டுமா என்று ஒரு கணம் யோசித்தேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அக்காவிடம் கேட்கச் சொல்லலாம் என்றால், அவர் சிங்கப்பூரில் இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார், போன் எடுக்கவில்லை. அக்காவின் எண்ணை நானே அழைத்தேன். எடுத்தார். மருந்து பெயர் என்ன என்று மட்டும் கேட்டேன். பிறகு டப்பாவை எடுத்து வந்து, எழுத்துக்கூட்டி வாசித்தார். நன்றி சொல்லாமல் வைத்துவிட்டேன்.

பெயர் தெரிந்தும் ஆண் ஆமைக்குப் பலனில்லை. ஊசி போட்டார்கள், திரவம் ஏற்றினார்கள். மறுநாள் காலை போன் வந்தது. பெண் ஆமை குறைவாகத் தின்றதால் தப்பியது. பச்சையை விரும்பித் தின்றது எதுவோ அதுதான் செத்தது. மருத்துவர் சொன்னபடி தீனியை மாற்றி, கடை கடையாக விசாரித்து, அலசி அலசிப் பாதுகாப்பாக நான் வளர்த்த செடிதான் அதன் வயிற்றில் விஷமாக இறங்கியது. அதைப் பழைய டவலில் சுற்றிக் கொண்டுவந்து, பப்பாளி மரத்தடியில் புதைத்தேன். வீட்டுக்காரர் அன்று விடுப்புப் போட்டு வந்து குழி தோண்டிக் கொடுத்தார்.

மண்ணை மூடிய பிறகு அவர், "அவங்க பயந்துட்டாங்க. விட்டுடு," என்றார். இருக்கிற ஒன்றையும் பெரிய குளம் உள்ள யாரிடமாவது கொடுத்துவிடலாம், பிரச்சினை தீர்ந்தது என்றார். அவரைப் பார்த்து எனக்கு வந்த கோபம் அக்கா மேல் வந்த கோபத்துக்குக் குறைந்ததில்லை. யாருக்குப் பிரச்சினை தீரும் என்று கேட்டேன். அவர் மண்வெட்டியைக் கழுவப் போனார். அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு வைத்தேன், பேச்சு வைக்கவில்லை.

போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தேன். எழுதிக்கொண்டவர் கூராகூராவா என்று இரண்டாம் முறை கேட்டார். ஆமை என்றுதான் மலாயில் எழுதினார். இறந்து போன செல்லப் பிராணி, என் வீட்டு எல்லைக்குள் விஷம் ஊற்றினார்கள் என்று நான் அழுத்திச் சொல்லச் சொல்ல அவரும் பொறுமையாக எழுதினார். பிறகு ஒருவர் வந்து அக்காவிடம் பேசிவிட்டுப் போனார். அண்டை வீட்டாரோடு சமாதானமாக இருங்கள் என்று எனக்கும் புத்தி சொல்லப்பட்டது. அவ்வளவுதான் நடந்தது.

தெரு இரண்டாகப் பிரிந்தது. பக்கத்து வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தபோது இவளுக்கு ஆமை பெரிதாகிவிட்டது, அதற்குப் போலீசுக்கு வேறு போனாள் என்று ஒரு பக்கம். சுவர் தாண்டி மருந்து ஊற்றுவதெல்லாம் என்ன பழக்கம், நாளைக்கு ஒரு குழந்தை அந்தத் தண்ணீரில் கை வைத்தால் என்று இன்னொரு பக்கம். என் பக்கம் பேசியவர்களும் ஆமைக்காகப் பேசவில்லை என்பதைக் கவனித்தேன். தீபாவளிக்கு அவர் வீட்டிலிருந்து முறுக்குத் தட்டு வரவில்லை, என் வீட்டிலிருந்தும் போகவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட எதிர் வீட்டு மலாய்க் குடும்பம், இரண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் வராமல் தனித்தனி நாளில் வந்து போனது.

பிறகு அக்கா ஆள் வைத்துச் சுவர் மேல் ஜிங்க் தகடு அடித்தார். ஆள் உயரத்துக்கு மேல் எழும்பியது. என் பக்கத்துக் காலை வெயில் அதோடு போயிற்று. மருந்து ஊற்றிய தண்ணீரையும் செடியையும் மருத்துவர் சொன்னபடி லோங்காங்கில் விடாமல் கேன்களிலும் பைகளிலும் அடைத்து அப்புறப்படுத்தி, பழைய தொட்டிகளை வீசிவிட்டு, வேறு கடையில் செடி வாங்கிப் புதிய தொட்டிகளில் வளர்த்திருந்தேன். அசோலா வெளிறி, சிவந்து, அழுகத் தொடங்கியது. வேண்டுமென்றே செய்தாரா, என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் செய்தாரா, எனக்குத் தெரியாது.

நான் தொட்டிகளை முன் வாசலுக்கு மாற்றினேன். கார் நிறுத்தும் இடத்தில் பாதியை அவை எடுத்துக்கொண்டன. வீட்டுக்காரர் காரைத் தெருவில் நிறுத்துகிறார், முணுமுணுத்துக்கொண்டு. மேலே மெல்லிய கம்பி வலை அடித்துப் பூட்டுப் போட்டேன். செடிக்குப் பூட்டா என்று தபால்காரர் கேட்டார். தங்காக்கில் துணிக்கடை வைத்திருக்கும் என் சித்தி மகள் ஒரு முறை வந்தபோது, ஏன்டி, விக்கப் போற மாதிரி வெச்சிருக்க என்றாள். முன் வாசல் வெயிலில் அசோலா முன்பைவிட அடர்த்தியாக வந்தது. ஒவ்வொரு காலையும் அக்கா மார்க்கெட்டுக்குப் போகும்போது அதைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது குடையை இந்தப் பக்கம் சாய்த்துக்கொள்வார்.

அண்ணனுக்கு உடம்பு தேறி, மெலிந்து போய், மறுபடி லாரிக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு சாயங்காலம் என் கேட்டில் வந்து நின்றார். அக்கா கோயிலுக்குப் போயிருந்த நேரம். நான் கங்கோங் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் வலைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அவ பயந்துட்டா, தங்கச்சி. அந்த நேரத்துல என்ன செய்யிறோம்னு தெரியாம செஞ்சிட்டா."

"பயந்தா கதவத் தட்டணும் அண்ணே. சுவருக்கு மேல கைய நீட்டக் கூடாது."

அவர் தலையாட்டினார். நான் சொன்னதை ஒப்புக்கொண்டாரா, பேச்சை முடித்துக்கொண்டாரா என்று சொல்ல முடியவில்லை. நான் கேட்டைத் திறக்கவில்லை. அவரும் திறக்கச் சொல்லவில்லை. அவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. மிச்சம் இருக்கிற ஆமை நன்றாகச் சாப்பிடுகிறதா என்று அவர்தான் கேட்டார். சாப்பிடுகிறது என்றேன். அது உண்மைதான். ஒரு காலத்தில் இறாலுக்குப் பிடிவாதம் பிடித்த பெண் ஆமை, இப்போது துணையில்லாமல் அந்தத் தொட்டி முழுவதும் தனக்கே என்பதுபோல மேய்கிறது. அதற்கு எதுவும் நினைவில் இருப்பதாகத் தெரியவில்லை.

அவர் போன பிறகு கங்கோங்கை எண்ணெய் வாடை இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோனேன். இப்போதெல்லாம் எல்லாக் கீரைக் கட்டையும் அப்படித்தான் முகர்கிறேன், ஆமைக்கானாலும் எங்களுக்கானாலும்.